கார்டு வாங்கும் முன்னால்

பல்லடம்,
ஞாயிறு மத்தியானம்.

கண்ணு,

நீ புதுசாகக் கம்ப்யூட்டர் பூட்டப் போவதாகப் பாப்பா சொன்னாள். எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று அவளைக் கேட்டிருக்கிறாய். என்னையும் கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன், கரன்ட் சம்பந்தப்பட்டது எதுவும் எனக்குப் புரியாமல் போகாது. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பையன் போர் மோட்டார் கட்டக் கொடுத்திருந்தான். எடுத்துப் போக வந்தவனை உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் உன் மானிட்டர் என்ன என்று பார். 1080பி, அதாவது சாதாரண ஃபுல் எச்டிதான் என்றால் நடுத்தரக் கார்டே தாராளம். நீ சொன்ன ஆர்டிஎக்ஸ் 5060-ல் மெமரி 8 ஜிபி. இப்போது வருகிற பெரிய கேம் சிலதுக்கு அது பத்தவில்லையாம். மெமரி நிரம்பினால் போர்டில் இருக்கும் ராமைத் தேடிப் போகும், அங்கேதான் படம் திக்கும். கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போகிற வழியை லேன் என்கிறார்கள். அந்தக் கார்டுக்கு எட்டு லேன்தான், பழைய போர்டு என்றால் அந்த வழி இன்னும் குறுகல். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்குப் பதினாறு லேன், 160 வாட். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அதே பேரில் 8 ஜிபியும் விற்கிறான், பார்த்து வாங்கு. 5060 டிஐ-யும் இப்படித்தான், ஒரே பேரில் இரண்டு சரக்கு. ஐந்து எச்பி என்று ஒரே மாதிரி பிளேட்டு அடித்து, ஒன்றில் செம்பும் இன்னொன்றில் அலுமினியமும் சுற்றி வரும் மோட்டார் மாதிரி. ஒன்பது வயசில் நீ கம்பியைச் சுரண்டிப் பார்த்து, "இது அலுமினியமுங்கப்பா" என்பாய். கடைக்கு வருகிறவர்களிடம் இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி, அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே. 160 வாட் என்றால் 12 வோல்ட்டில் 13 ஆம்பியருக்கு மேலே இழுக்கும். ஸ்லாட்டில் 75 வாட் வரை வரும், மீதி எட்டு பின் ஒயரில். அது 150 தாங்கும். நல்ல கம்பெனியாக 550 வாட் போதும். பழைய கார்டு வேண்டாம். கிரிப்டோ காயின் எடுக்க ராப்பகலாகக் கார்டில் கணக்குப் போட்டு ஓட்டியதெல்லாம், 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்கிற காயின் அந்த முறையை விட்டதும் மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. தவணையிலும் வாங்காதே. இவ்வளவு விலை ஆகிற பொருள், மூன்று மாசம் கழித்து வாங்கினால்தான் என்ன? தவணை மட்டும் வேண்டாம், சாமி.

ஆடி நோம்பிக்கு வந்து போனதற்கு அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனை மடியில் வைத்துக்கொண்டே அரிசி புடைக்கிறாள். பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் அண்ணன் தூக்கத்தில்தான் பேசுகிறான் என்று பாப்பா சொன்னாள். நைட் ஷிப்டாக இருக்கும் என்று அம்மாவுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். சொசைட்டித் தவணை இரண்டு மாசத்தையும் நானே கட்டிவிட்டேன், அதை நினைத்துக்கொண்டு இருக்காதே. ஒரு நிமிஷம் பேச முடியாத அளவுக்கு என்ன வேலை என்றுதான் தெரியவில்லை. சரி, விடு.

எஸ்எம்பிஎஸ் பற்றி இன்னொரு தடவை எழுதலாம் என்று எடுத்தேன். கை வரவில்லை.

2021-ல் உன் கார்டு கருகவில்லை, கண்ணு. அப்பத்தா கொடுத்த பணத்தில் பொங்கலுக்கு நீ வாங்கிய அந்த 1660 சூப்பர். லாக்டவுனில் கடை ஒன்றரை மாசம் பூட்டிக் கிடந்தது. பையன்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் பாக்கி, ஏலம் எடுத்த சீட்டுக்குப் பணம் கட்ட வழியில்லை. காயின் எடுக்கிறவர்கள் கார்டை என்ன விலைக்கும் வாங்கின நேரம் அது. 20,500-க்கு நீ வாங்கியதை 32,000-க்கு எடுத்துக்கொண்டார்கள். நீ அம்மிச்சி வீட்டுக்குப் போயிருந்த அன்றைக்குக் கழற்றினேன். ஸ்லாட் ஓரத்தில் ஒரு கிளிப் இருப்பது தெரியாமல் இழுத்து அதை ஒடித்துவிட்டேன். நீ வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தாய். சூட்டில் போயிருக்கும், எஸ்எம்பிஎஸ் அடித்துவிட்டது என்றேன்.

நான் கருகியது என்று சொன்னால் ஊரில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நீயும் பேசவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் 1,500 ரூபாய் மிச்சம் பிடித்ததால்தான் போய்விட்டது என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தாய். "இனிமேலாவது கஞ்சம் பிடிக்காதே" என்று அதற்கும் மேலே நான் சொன்னேன். உன் படிப்புக்காகத்தான் விற்றேன் என்று அம்மாவிடம் சொன்னதும் பொய். பணத்துக்காகத்தான்.

நீ வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்து ஓடவிட்டு, 12 வோல்ட் ஃபேன் எல்லாம் அதில்தான் டெஸ்ட் பண்ணுகிறேன். நீ கடைக்கு வரும்போது மட்டும் மேலே துணி போட்டு மூடிவிடுவேன். நீ ஒரு தடவைகூட அது என்ன என்று கேட்டதில்லை.

நேற்று உன் கணக்கில் 32,000 போட்டேன். கார்டுக்குத்தான் என்று இல்லை, வாடகைக்கு வைத்துக்கொண்டாலும் சரி.

அப்புறம், மேல் ரூமுக்குத் தனி லைன் இழுத்துவிட்டேன். கிணற்றடியில் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த்தும் கொடுத்தாயிற்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்தால் ஒரு வோல்ட்டுகூடக் காட்டவில்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே மூன்று பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறேன்.

அப்பா