மகளுக்கு: அமிலத்துக்குப் பின் சோடா போடாதே

சீர்காழி,
ஐப்பசி 20

அன்புள்ள மகளுக்கு,

நீ நேற்று அனுப்பிய பரிசோதனைத் தாளின் படத்தையும், பேரனின் முதுகில் கிளம்பியிருக்கும் சிவந்த கொப்புளங்களின் படத்தையும் நானும் அம்மாவும் பார்த்தோம். இதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. நீங்கள் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் (ஹாட் டப்) நீரைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் பிள்ளையைக் கவனி. மருத்துவரிடம் காட்டும்போது அவன் தொட்டியில் குளித்ததை மறக்காமல் சொல். குளோரின் குறைந்த வெதுவெதுப்பான நீரில் சூடோமோனாஸ் என்னும் கிருமி பெருகி, ஈரமான நீச்சலுடைக்கு அடியில் இருக்கும் தோலின் மயிர்க்கால்களில் இறங்கி இத்தகைய தடிப்பை உண்டாக்கும். பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே ஆறிவிடும் என்றாலும், பார்க்காமல் விட்டுவிடாதே. அதுவரை அந்தத் தொட்டியில் யாரும் இறங்க வேண்டாம். இருக்கும் நீரை முழுவதும் வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியை மாற்றி, குழாய்களுக்குள் படிந்திருக்கும் வழுவழுப்பை நீக்கும் மருந்தை ஓட்டிய பிறகு புது நீர் நிரப்பு. குழாய்க்குள் பாசிபோல் ஒட்டியிருக்கும் அந்தப் படலத்துக்குள் கிருமி பதுங்கிவிட்டால், மேலே எவ்வளவு குளோரின் போட்டாலும் அது எளிதில் சாகாது.

இனி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். எண் 8-க்கு ஏறிவிடுகிறது, அமிலத்தூள் போட்டால் இறங்குகிறது, மறுநாள் காலையில் மீண்டும் ஏறி நிற்கிறது என்கிறாய். நடுவில் ஒருநாள் 7-க்குக் கீழே போய்விட்டதைக் கண்டு பயந்து, சோடாத்தூள் போட்டு ஏற்றியதாகவும் எழுதியிருக்கிறாய். பாப்பா, தவறு அந்தச் சோடாவில்தான் இருக்கிறது. நீ பார்க்க வேண்டியது பி.எச். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மற்றோர் எண். படத்தில் அது 180 என்று காட்டுகிறது. தமிழில் இரண்டையுமே காரத்தன்மை என்று சொல்லிவிடுகிறோம். அதனால் குழப்பம் வருகிறது. இறால் குட்டைக்காரர்கள் நாங்கள் அதை அல்கலினிட்டி என்றே சொல்வோம். பி.எச். என்பது நீர் இந்த நிமிடத்தில் இருக்கும் நிலை. அல்கலினிட்டி என்பது, அமிலம் வந்து விழுந்தால் எவ்வளவு தூரம் அசையாமல் தாங்கும் என்று சொல்லும், நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு.

இதை நான் இறால் குட்டையில் கற்றேன். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்து, குட்டை நீரின் அல்கலினிட்டி பாதிக்கும் கீழே போயிருந்தது. நான் அதை அளக்கவில்லை, காலை பி.எச். எண்ணை மட்டும் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். தாங்கும் சக்தி இல்லாத நீரில், சுண்ணாம்பும் வெயிலில் பாசி செய்யும் வேலையும் சேர்ந்து, பிற்பகலில் பி.எச். ஒன்பதைத் தாண்டியது. அதில் அம்மோனியாவின் நஞ்சு ஏறி, விடிவதற்குள் இறால் கரையோரம் ஒதுங்கிவிட்டது. அந்தப் பட்டம் முழுவதும் போயிற்று. எனக்கு அல்கலினிட்டி குறைந்ததால் வந்த கேடு, உனக்கு அது மிகுந்ததால் வந்திருக்கிறது. இருவரும் தவறான எண்ணைத் துரத்தினோம்.

கனடாவில் நீங்கள் இருக்கும் கால்கரியின் குழாய் நீர், ராக்கி மலையின் சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வருவதால் இயல்பிலேயே கடினமானது. அதில் நீ அல்கலினிட்டியைக் கூட்டும் சோடாவையும் சேர்த்துவிட்டாய். தொட்டியின் ஜெட்டை, அதாவது நீரைக் காற்றோடு பீய்ச்சும் குழாயை, ஓட்டும்போது, கோலி சோடாவைத் திறந்ததும் நுரைத்துப் போவதைப் போல, நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த வாயு நீரில் மென்மையான அமிலமாக இருப்பதால், அது போனவுடன் பி.எச். ஏறுகிறது. ஆனால் அல்கலினிட்டி அதனால் மாறுவதில்லை. பைகார்பனேட் மிகுந்த நீரில் இந்த ஏற்றம் எளிதில் நிற்காது.

ஆகவே புது நீர் நிரப்பியதும் அல்கலினிட்டியை முதலில் அள. 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை என்பது பொதுவான அளவு. ஜெட் ஓடும் உன் தொட்டிக்கு 80-ஐ ஒட்டி இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உன் தொட்டி 1500 லிட்டர் என்றாய். அந்த அளவு நீரில் 10 பி.பி.எம். குறைக்க, சோடியம் பைசல்பேட் என்னும் அமிலத்தூள் ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது நீர் 140 என்று காட்டினால், 40 கிராம் வீதம் ஆறு முறை. ஒவ்வொரு முறை போட்டதும் அல்கலினிட்டியோடு பி.எச்.சும் இறங்கும், சோடாவைத் தொடாமல், மூடியைத் திறந்து வைத்து ஜெட்டை ஓட்டு. காற்றே பி.எச்.சை மட்டும் ஏற்றிவிடும். ஏறியதும் அடுத்த 40 கிராம். இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அவசரப்படாதே. முடிவில் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்கட்டும்.

இந்த எல்லை குளோரினுக்காகவே முக்கியம். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பி.எச். 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதியாக இருக்கும், 8-இல் கால்பங்குதான். பேரனுக்கு வந்த தடிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெந்நீரில் குளோரின் விரைவில் தீர்ந்து போகும் என்பதால், இறங்கும் முன் ஒவ்வொரு முறையும் அளந்து, 3 பி.பி.எம்.-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார். நீச்சல் குளத்துக்கென்று விற்கும் சயனூரிக் அமிலம் கலந்த மாத்திரைகளை வாங்காதே. அந்த அமிலம் நீரில் சேர்ந்துகொண்டே போய்க் குளோரினின் வேகத்தை மட்டுப்படுத்தும். கால்சியம் சேர்ந்த பிளீச்சிங் பவுடரும் உங்கள் நீருக்கு ஆகாது. நம் வீட்டு போர் தண்ணீரில் ஹீட்டர் கம்பி எப்படி வெள்ளை உப்பு பிடித்துத் தடித்துப் போனது என்பது உனக்கு நினைவிருக்கும். சூடேறினால் கால்சியம் கார்பனேட் அப்படித்தான் படியும்.

அமிலத்தூளையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதே. ஒரே கரண்டியால் அள்ளவும் கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஒன்றைப் போட்டு, நீர் நன்றாகச் சுழன்ற பிறகே மற்றதைப் போடு. எப்போதும் மருந்தை நீரில்தான் போட வேண்டும், மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. இரண்டையும் தனித்தனி அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வை.

நீங்கள் நால்வரும் தினமும் குளிப்பதானால், 1500 லிட்டர் நீரை ஏறத்தாழ மாதம் ஒருமுறை மாற்றிவிடு. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். ஐந்து வயது நிரம்பும்வரை சின்னவளை இறக்கவே வேண்டாம்.

புது நீரின் அல்கலினிட்டியையும் பி.எச்.சையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. எத்தனை முறை போட வேண்டும் என்று நான் கணக்கிட்டுச் சொல்கிறேன். பேரனின் முதுகு எப்படி இருக்கிறது என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மருத்துவர் சொன்னதை அவளுக்கு முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா