15,000 ரூபாய் வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. சென்னை பெருங்குடியில் நீ பார்த்திருக்கும் வீட்டின் படங்களையும், போட்டு அனுப்பிய மாதக் கணக்கையும் அப்பாவும் நானும் பார்த்தோம். கைக்கு வரும் சம்பளம் 42,000. அதில் வாடகை 15,000, மெயின்டனன்ஸ் 2,000, சாப்பாடு 8,000, போக்குவரத்து 3,000 போக மீதி 14,000 சேமிப்பு என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் மாதந்தோறும் தவறாமல் வரும் செலவுகள் மட்டுமே அதில் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது, ஆண்டுக்கு ஒரு முறை வருவது, வீட்டைக் காலி செய்யும் அன்று வருவது எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் விடுதிக்காரரே கட்டிவிட்டு உன்னிடம் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டிருந்ததால், இதுவரை அவை உன் கண்ணில் பட்டிருக்காது.

முதலில் கரண்ட் பில். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது உனக்குத் தெரியும். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறிவிடும் என்பதையும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை அப்போது இல்லாமல் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 480 ஆகிவிடும். பிரிட்ஜும் சேர்ந்தால் அந்த 500ஐத் தாண்டிவிடுவாய். சித்திரை, வைகாசியில் ஏசி போடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் 1,000 ரூபாய் எடுத்து வைத்துவிட்டுப் போட்டுக்கொள். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, சப் மீட்டர் வைத்து உரிமையாளரே யூனிட்டுக்கு ஒரு விலை சொல்லி வசூலிக்கிறாரா என்பதை இப்போதே கேட்டுவிடு. சப் மீட்டர் என்றால் அந்த 100 யூனிட் சலுகை பெரும்பாலும் உன் கைக்கு வராது.

அடுத்தது அட்வான்ஸ். வீட்டு உரிமையாளர் ஐந்து மாத வாடகை, அதாவது 75,000 கேட்கிறார். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசு. சண்டைக்குப் போகாமல் மரியாதையாகக் கேட்டாலே ஒரு மாத வாடகையாவது குறையும் என்பது அப்பாவின் கணிப்பு. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை, ஆனாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பதினோரு மாதத்தில் காலி செய்தால் அது மாதத்துக்கு 1,350 ரூபாய்க்கு மேல் வரும். மூன்று வருடம் இருந்தால் 420க்குள் அடங்கும். புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகைக்கும் இதே கணக்குத்தான். ஆகவே ஆயிரம் ரூபாய் குறைகிறதென்று வருடா வருடம் வீடு மாற்றுவதில் லாபமில்லை.

கேஸுக்கும் கேன் தண்ணீருக்கும் 600 போதும். ஒருவன் சமைக்க ஐந்து கிலோ சிலிண்டரே தாராளம். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் டிக்கெட், துணிமணி எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,000 ஆகலாம். ஆக, பெயிண்டிங், புரோக்கர் பணத்தை இரண்டு வருடத்துக்குப் பிரித்துச் சேர்த்தால், நீ விட்டுவிட்டவை மாதம் ஏறத்தாழ 4,000. உன் சேமிப்பு 14,000 அல்ல, 10,000. அந்த 4,000ஐச் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடு. நினைத்த நேரத்தில் எடுக்க வேண்டிய பணம் என்பதால், மாதாமாதம் கட்டி முதிர்வில் எடுக்கும் ஆர்.டி. இதற்குச் சரிப்படாது.

சாப்பாட்டுக்கு 8,000 என்பது நீ சமைத்தால்தான். ராத்திரி ஆபீஸிலிருந்து வந்து போனில் வரவழைத்துச் சாப்பிடுவதாக இருந்தால், டெலிவரி, பேக்கிங் என்று ஒவ்வொரு முறையும் மேலே ஏறும் தொகையையும் சேர்த்து 12,000 என்று நேர்மையாக எழுதிவிடு. பொய்க் கணக்கை விட அது மேல். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தவணையில் எடுக்க வேண்டாம். பிரிட்ஜ் மட்டும் இப்போது வாங்கு; சோபா பற்றி அடுத்த வருடம் பேசலாம்.

வாடகையை எப்போதும் வங்கி வழியாகவே அனுப்பு. ஒப்பந்தத்தின் நகலைக் கையெழுத்துக்கு முன் அப்பாவுக்கு அனுப்பி வை. பெயிண்டிங், வருடாந்தர உயர்வு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றையும் அவர் படித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அட்வான்ஸ் பணத்தை நாங்கள் தருகிறோம். அது திரும்பி வரும்போது உன் வருமானமாக எண்ணிவிடாதே, அடுத்த வீட்டின் அட்வான்ஸ் அது.

அன்புடன்,
அம்மா