டங்டுட் நகல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இந்தோனேசியக் கட்டுரையில், அந்த நாட்டு வெகுஜன இசையான டங்டுட்டைப் 'பழைய இந்திப் பாட்டின் நகல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே கிழக்கு ஜாவாவில் சுராபாயா பக்கம் நூற்பாலையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இந்திப் பாட்டின் சாயல் அதில் உண்டு, சரி. மலாய் இசைக்குழுக்களின் பாணியும் அரபு இசையும்கூட உண்டே! 1970களில் பாடகர் ரோமா இராமா தம் சொனெட்டா குழுவில் ராக் கிதாரையும் சேர்த்து நாட்டையே தம் பின்னால் வர வைத்தார். 1977 தேர்தலில் எதிர்க்கட்சி மேடை ஏறினார் என்பதற்காக அப்போதைய அதிபர் சுகார்த்தோ அரசின் தொலைக்காட்சி அவரைப் பல வருஷம் காட்டவே இல்லை. நகலுக்கா பயந்தார்கள்?

சுராபாயாவை ஒட்டிய சிடோஅர்ஜோவில், என்னோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தெருவை அடைத்து மேடை. கெண்டாங் மேளம் வாசித்த பையன் பாடகியின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அடியை மாற்றிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் ஆடிக்கொண்டே போய் அவள் கையில் ரூபியா நோட்டைத் திணித்தார்கள், கல்யாணப் பெண்ணின் பாட்டி உட்பட. அது கொப்லோ என்ற கிழக்கு ஜாவா டங்டுட் வகை. அந்தத் தாளத்தை எந்த இந்திப் படத்திலும் நான் கேட்டதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பாடிய பாடகி வியா வாலன் இந்த மாதிரி மேடைகளில் வளர்ந்தவர்தான்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். எரிமலை, சுனாமி, பாலி தேனிலவு தவிர அந்த நாட்டைப் பற்றி நீங்கள் எதையும் போட்டதில்லை. ஜாவா மொழியில் காதல் தோல்வியைப் பாடிய டிடி கெம்போட் 2020 மே மாதம் இறந்தார். அவருடைய பழைய பாட்டுகள் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளெல்லாம் அழுதார்கள். அப்போதே உங்களுக்கு எழுதினேன், ஒரு வரி வரவில்லை. 2025இல் 'ஜம்போ' என்ற இந்தோனேசிய அனிமேஷன் படத்தை உள்நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். அப்போதும் உங்கள் ஆசிய சினிமா பக்கத்தில் கொரியாவும் ஜப்பானும்தான்.

அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால் உரிமையோடு கேட்கிறேன். 'டங்டுட் குழு' என்று நீங்கள் போட்ட படம் கமெலான் என்ற மரபு வாத்திய இசைக் குழுவுடையது. வரிசையாக வெண்கலச் சேகண்டிகள் தெரிகின்றன. கிதார் ஒன்றுகூட இல்லை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலை அது. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருப்பூர்