மாடி போர்ஷனுக்கு ஆள் வைக்கும் முன்

அன்புள்ள வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீடு மாறிக்கொண்டிருந்தோம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவன் பத்தாவது, மாமியார் அதே மாமியார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் ஒரு பக்கெட்டைக்கூட யாருக்கும் இரவல் தராதவள் திருச்சியில் மாடி போர்ஷனை வாடகைக்கு விடப் போகிறாளா? ஜெசிந்தாவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. அக்ரிமெண்ட் நகல் ஒன்று அனுப்பு என்று கேட்டிருந்தாய். கேட்ட ஆள்தான் தப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் குடியிருப்பவர்கள் கட்சி. இப்போது காலி செய்த வீட்டு ஓனர் மேல் இருக்கிற கோபத்தில் எழுதுகிறேன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படி.

பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். வருடக்கணக்கில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்த வீட்டில் சுவர் மங்காமல் இருக்குமா? ஆத்திரத்தில் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். நம் தமிழ்நாட்டில் வீட்டு ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் என்று 2017இல் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது பார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு நம் தலையில். யாரோ குடித்தனம் நடத்தித் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அக்ரிமெண்டில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். எங்கள் அக்ரிமெண்டில் பெயிண்ட் செலவு எங்களுடையது என்று ஒரு வரி கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது இல்லாமல் வீடே கிடைத்திருக்காது, அது வேறு கதை.

அட்வான்ஸும் அப்படித்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதாம், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் சரியாம். அந்த 'ஆனால்' இருக்கும்வரை சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரை யார் என்ன செய்ய முடியும்? காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுக்கு மிச்சப் பணம் இன்னும் வரவில்லை. "அடுத்த டெனன்ட் வரட்டும்மா" என்கிறார்.

இனிமேல் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. "பதினோரு மாதத்துக்கு எழுதினால் எங்கேயும் பதிய வேண்டாம்" என்று உன் தம்பி சொன்னானாம். ஒரு வருடத்துக்குள் முடிகிற குத்தகைக்குச் சார்பதிவாளர் ஆபீஸ் போக வேண்டாம், அவ்வளவுதான் அதன் அர்த்தம். இந்தச் சட்டப்படி பதினோரு மாதமானாலும் எழுதித்தான் விட வேண்டும், அதை இந்தச் சட்டத்துக்கென்றே அரசு வைத்திருக்கிற வாடகை அதிகாரியிடம் பதிந்து ஒரு எண்ணும் வாங்க வேண்டும். அதற்கு அரசு இணையதளமே இருக்கிறது. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். நாளை வாடகை பாக்கி வைத்துவிட்டு ஒருவன் நகர மறுத்தால், உன் பீரோவில் இருக்கிற பத்திரம் வெறும் காகிதம்.

மயிலாப்பூரில் என் பெரியத்தை நினைவிருக்கிறதா, அந்தப் புளியோதரை அத்தை? அவர்கள் இருப்பது பழைய வீடு, எல்லாம் வாய்ப்பேச்சுதான். 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அவர்களை அசைக்க முடியவில்லை. நியாயமாகச் சொன்னால் அந்தப் பழைய ஓனரும் பாவம்தான், அந்த வாடகையில் என்ன வாங்குவார்? இப்போது அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறான். எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதே புதுச் சட்டத்தில் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். அத்தை அக்ரிமெண்ட் கேட்டபோதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளியது அவன்தானே! எண்பது வயதில் எங்கே போய் வீடு தேடுவார்கள் வசந்தி? எனக்குத் தூக்கமே வருவதில்லை. வக்கீலைப் பார்த்திருக்கிறோம்.

அதனால் நீ அவனைப் போல எழுதாமல் தள்ளிப்போடாதே. வாடகையை வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவாய் என்பதை முதலிலேயே எழுது. சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு கிடையாது, நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதுதான் கணக்கு. ரசீது கொடு. சண்டை வந்தால் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது கூடவே கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது. உன் கோபம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். மேலே போய்ப் பார்ப்பதென்றால் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போ. திடீரென்று கதவைத் தட்டி அடுப்படியை எட்டிப் பார்க்கிற ஓனரம்மா ஆகிவிடாதே.

அப்புறம், ஜெசிந்தா மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகத்தான் இருப்பாள், மீன் சமைப்பாள், இரண்டையும் இப்போதே சொல்லிவிட்டேன். மாடியைக் காட்டு. பெயிண்ட் வரியை எடுத்துவிட்டு அக்ரிமெண்டை எனக்கு முதலில் அனுப்பு. அவளிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டாய் என்று காதில் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

உன்
கலா