வெட்டியதை அட்டையில் எழுதுங்கள்: வயதுச் சான்று வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி., ஜப்பானின் செரோ, ஜெர்மனியின் யு.எஸ்.கே., ஆஸ்திரேலியாவின் வகைப்படுத்தல் வாரியம் ஆகிய நான்கு அமைப்புகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் பிறந்த வன்முறைச் சண்டை வீடியோ விளையாட்டுகள், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோலுக்கு வரும்போது அவற்றிலிருந்து எது நீக்கப்படுகிறது, எது மாற்றப்படுகிறது என்பதில் உங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு உண்டு. எதையுமே வெட்டக் கூடாது என்று நான் வாதிடவில்லை. வெட்டினால், பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அதை ஆட்டத்தின் உறை அட்டையிலேயே சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இந்தச் சர்ச்சை தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த எளிய காரியம் நடக்கவில்லை.

சிகாகோவின் மிட்வே நிறுவனம் 1992இல் ஆர்கேடுக்கு வெளியிட்ட ‘மார்ட்டல் காம்பாட்’ ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். எட் பூன், ஜான் டோபையாஸ் ஆகியோர் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் பாத்திரங்கள் கையால் வரைந்தவை அல்ல. நடிகர்களைப் படம் பிடித்து, அந்தப் படங்களையே திரையில் மோதவிட்டிருந்தார்கள். குத்து விழுந்தால் சிவப்பாக இரத்தம் தெறிக்கும். தோற்றவன் தள்ளாடி நிற்கும் சில நொடிகளுக்குள் குறிப்பிட்ட வரிசையில் பொத்தான்களை அழுத்தினால், ‘ஃபேட்டாலிட்டி’ எனப்படும் கொலை முடிவு வரும். கூடத்தில் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்ததற்கு அது முக்கியக் காரணம். அந்த வரிசையைத் தெரிந்து வைத்திருந்தவனுக்குத் தனி மரியாதையும் இருந்தது.

1993 செப்டம்பர் 13, திங்கட்கிழமை, அக்லெய்ம் நிறுவனம் அதை ஒரே நாளில் சூப்பர் நிண்டெண்டோ, சேகா ஜெனிசிஸ், கேம் பாய், கேம் கியர் ஆகிய நான்கு கருவிகளுக்கும் வெளியிட்டது. பெயர் ஒன்றுதான், உள்ளே இருந்த ஆட்டம் ஒன்றல்ல. முதல் இரண்டு கருவிகளுக்குமான கேட்ரிட்ஜுகள் (ஆட்டம் பதிந்த செருகுபெட்டிகள்) என்னிடம் இருக்கின்றன; இதை எழுத உட்காரும் முன் இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சூப்பர் நிண்டெண்டோவில் இரத்தம் இல்லை. அதன் இடத்தில் சாம்பல் நிறத் துளிகள் தெறிக்கின்றன. அவற்றை வியர்வை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கன்னத்தில் ஓர் அறை விழுந்து நாலு துளி தெறித்தால் நம்பிவிடலாம். தாடையில் கீழிருந்து மேலாக ஒரு குத்து விட்டால் ஒரு சொம்பு வியர்வை மொத்தமாகக் கொட்டுவதைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. கொலை முடிவுகளும் மாறியிருந்தன. ஆர்கேடில் சப்-ஸீரோ எதிராளியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கித் தூக்கிக் காட்டுவான். இங்கே அவன் எதிராளியை உறையவைத்து நொறுக்குகிறான். ஆர்கேடில் ஜானி கேஜ் ஒரே குத்தில் தலையைத் துண்டிப்பான். இங்கே தன் காலை எதிராளியின் மார்புக்குள் பாய்ச்சுகிறான். தலை போகக் கூடாது, மார்பைத் துளைத்தால் பாதகமில்லை என்று எந்த அளவுகோலால் முடிவு செய்தார்கள் என்பதை எங்கேயும் யாரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை. சப்-ஸீரோவுக்குக் கொடுத்த மாற்று முடிவு பார்க்க நன்றாகவே இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பாகத்தின் ஆர்கேட் வடிவத்திலேயே உறையவைத்து உடைக்கும் முடிவு ஒன்று அவனுக்கு வந்தது.

ஜெனிசிஸில் நடந்தது வேறு கதை. சேகா அந்த ஆண்டில் தானே ஒரு தரவரிசைக் குழுவை ஏற்படுத்தி, இந்த ஆட்டத்துக்கு 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்ற முத்திரையைக் குத்தியது. ஆனாலும் கேட்ரிட்ஜைப் போட்டவுடன் வருவது இரத்தமில்லாத ஆட்டம்தான். தொடக்கத்தில் ‘கோட் ஆஃப் ஹானர்’ என்ற தலைப்போடு ஒரு வாசகத் திரை வரும். ‘கோட்’ என்ற சொல்லை நெறி என்றும் படிக்கலாம், இரகசியக் குறியீடு என்றும் படிக்கலாம். அந்தத் திரையில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அழுத்தினால் எழுத்துகள் சிவப்பாக மாறும். அதன் பிறகு ஆர்கேடின் இரத்தமும் கொலை முடிவுகளும் திரும்பிவிடும். கேம் கியருக்கும் இப்படி ஒரு குறியீடு இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியிருந்த அந்த ஏழு எழுத்துகள் தெரியாமல் இருந்தவர்கள் பெற்றோர் மட்டுமே. கடையில் நின்று ஆடிப் பார்த்து, ‘இதில் ஒன்றுமில்லையே’ என்று வாங்கிக் கொடுத்த தந்தையை இந்த ஏற்பாடு ஏமாற்றியது. சூப்பர் நிண்டெண்டோவில் ஆர்கேட் ஆட்டத்தை எதிர்பார்த்து வாங்கிய மகனை அங்கே நடந்த வெட்டு ஏமாற்றியது. இரண்டுக்கும் பொதுவான குறை, அட்டை உண்மையைச் சொல்லாததே. விற்பனையில் ஜெனிசிஸ் பதிப்பு முந்தியதற்கு இரத்தம்தான் காரணம் என்று அன்றே பேசிக்கொண்டார்கள்.

ஆர்கேடில் இருந்தது வீட்டுக்கு வரும்போது மட்டும் ஏன் வெட்டுப்பட்டது? கூடம் வைத்திருப்பவர் தனக்குப் பிடித்த நிறுவனத்திடம் ஆட்டம் பதிந்த மின்னணுப் பலகையை வாங்கிப் பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒப்புதல் கேட்க வேண்டிய ஆள் கிடையாது. வீட்டுக் கன்சோலோ பூட்டிய வீடு. நிண்டெண்டோவின் கருவிகளுக்குள் இருந்த பூட்டுச் சில்லு, உரிமம் பெற்ற கேட்ரிட்ஜை மட்டுமே ஓடவிட்டது. உரிமம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் உள்ளடக்க விதிகளுக்கு ஒத்துப்போக வேண்டும். ஆகவே அந்த வெட்டு அரசாணையால் நடந்தது அல்ல, இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தால் நடந்தது. அரசாணை என்றால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம், காரணம் கேட்கலாம், குறைந்தபட்சம் படித்தாவது பார்க்கலாம். ஒப்பந்தத்துக்குள் நடப்பது வெளியே தெரியாது. எங்கள் நாட்டுத் திரைப்படத் தணிக்கையைப் பற்றி எனக்கு ஆயிரம் மனக்குறை உண்டு. இருந்தாலும் அங்கே எந்த இடத்தில் எது நீக்கப்பட்டது என்பது சான்றிதழோடு சேர்த்துப் பதிவாகிறது. விளையாட்டுகளில் அந்த அளவு கூட இல்லை.

1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்க செனட்டர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் விளையாட்டு வன்முறை பற்றி நடத்திய விசாரணையில் நிண்டெண்டோவும் சேகாவும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டன. ‘மார்ட்டல் காம்பாட்’டோடு ‘நைட் ட்ராப்’ என்ற ஆட்டமும் அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது; அப்படிப்பட்ட ஒன்று தங்கள் கருவியில் ஒருபோதும் வராது என்று நிண்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன் அங்கே உறுதி கூறினார். இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுப் பதிப்பாக அதே ‘நைட் ட்ராப்’ 2018இல் நிண்டெண்டோ ஸ்விட்சிலேயே வெளியானது. பதின்பருவத்தினர் ஆடலாம் என்று அதற்குச் சான்று கொடுத்தது இ.எஸ்.ஆர்.பி.தான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு தலைமுறையின் அச்சம் அடுத்த தலைமுறைக்கு வேடிக்கையாகிவிடுகிறது, ஆனால் அச்சத்தில் வெட்டியது வெட்டியதாகவே கேட்ரிட்ஜில் நின்றுவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த விசாரணையின் விளைவாகவே 1994இல் இ.எஸ்.ஆர்.பி. உருவானது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘மார்ட்டல் காம்பாட் 2’ வீடுகளுக்கு வந்தபோது, சூப்பர் நிண்டெண்டோவின் அமெரிக்கப் பதிப்பில் இரத்தமும் கொலை முடிவுகளும் அப்படியே இருந்தன. அட்டையில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு சேர்ந்திருந்தது, அவ்வளவே. எச்சரிக்கை எழுதத் தொடங்கியவுடன் கத்தரிக்கோலுக்கு வேலை குறைந்துவிட்டது. உங்கள் பணியை நான் மதிப்பது இதனால்தான்.

ஆனால் எச்சரிக்கை இருக்கும் இடங்களிலும் வெட்டு தொடர்கிறது என்பதே இன்றைய சிக்கல். அதே இரண்டாம் பாகத்தின் ஜப்பானியப் பதிப்பில் இரத்தம் பச்சையாக ஓடியது. கொலை முடிவு வரும்போது திரை முழுவதும் கறுப்பு வெள்ளையாகிவிடும். அது செரோ தோன்றுவதற்கு முன்பு. 2002இல் செரோ வந்தது; 2006இல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான ‘இசட்’ பிரிவையும் கொண்டுவந்தது. அந்தப் பிரிவிலும் காட்டக் கூடாதவை என்று ஒரு வரம்பு இருப்பதால், வளர்ந்தவர்களுக்கான ஆட்டங்களும் கைகால் துண்டாகும் காட்சிகளைக் குறைத்துக்கொண்டே அங்கே வருகின்றன. 2019இன் ‘மார்ட்டல் காம்பாட் 11’ வரவே இல்லை. ஜெர்மனியில் இரண்டாம் பாகம் 1995இல் நீதிமன்ற ஆணையால் பறிமுதலுக்கு உள்ளானது. ஆஸ்திரேலியாவில் 2011இல் இத்தொடரின் புதிய ஆட்டத்துக்குச் சான்று மறுக்கப்பட்டது. காரணம், விளையாட்டுகளுக்கு அன்று இருந்த உச்சப் பிரிவே 15 வயதோடு நின்றது. 2013 ஜனவரியில் 18 வயதுப் பிரிவு வந்தபின் அதே ஆட்டத்தின் முழுத்தொகுப்புப் பதிப்பு அங்கே விற்பனைக்கு வந்தது. ஆட்டம் மாறவில்லை, அதை வைக்க ஓர் அலமாரி கிடைத்தது.

வாங்கியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ‘சாமுராய் ஷோடவுன்’ வரிசையில் 2004இல் வந்த ‘ஃபைவ் ஸ்பெஷல்’. நியோ ஜியோ வீட்டுக் கருவியின் பெருமையே, ஆர்கேட் பலகையில் இருக்கும் அதே ஆட்டம் எள்ளளவும் மாறாமல் வீட்டில் ஓடும் என்பதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற கன்சோல்களைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்கினார்கள். ஆனால் ‘ஃபைவ் ஸ்பெஷல்’ ஆட்டத்தில், ஆர்கேடில் இருந்த கொடூர முடிவுகள் நியோ ஜியோவின் வீட்டுக் கேட்ரிட்ஜில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தன. ஆடிப் பார்த்த பிறகுதான் வாங்கியவர்களுக்கு அது தெரிந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் நிறுவனம் கேட்ரிட்ஜுகளைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. முன்னரே ஒரு வரி எழுதியிருந்தால், வேண்டாம் என்பவர் வாங்காமலேயே இருந்திருப்பார்.

வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஒரு குழந்தை மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும், ஆர்கேடிலோ காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும், சுற்றிலும் ஆட்களும் இருப்பார்கள். ஆகவே வீட்டு வடிவத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் வயதுச் சான்றையும் விற்பனைக் கட்டுப்பாட்டையும்தான் கேட்கிறது; இரத்தத்தைச் சாம்பலாக்குவதைக் கேட்கவில்லை. சாம்பல் துளிகள் தெறித்த ஆட்டத்திலும் ஒருவன் இன்னொருவனைக் கொன்றுகொண்டுதான் இருந்தான். அடி இருந்தது, அடிபட்டதன் அடையாளம் மட்டும் காணாமல் போயிருந்தது. குழந்தைக்கு இதில் எது நல்லது என்று கேட்டால், எனக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஆர்கேட் கூடங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. பழைய பெட்டிகள் சேகரிப்பாளர்களின் வீடுகளில் முடங்கிவிட்டன. இன்று இருபது வயதில் இருப்பவர் அந்த ஆட்டங்களை அறிவது வீட்டு வடிவங்கள் வழியாகத்தான். வெட்டப்பட்ட பதிப்பைக் கையில் எடுப்பவர், மூலமே அப்படித்தான் இருந்தது என்று எண்ணிக்கொள்வார். அவருக்கு மறுத்துச் சொல்ல அட்டையில் ஓர் எழுத்து கூட இல்லை.

ஆகவே என் கோரிக்கையை நடைமுறையில் வைக்கிறேன். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் அன்ட்ரியாஸ்’ ஆட்டத்துக்குள் பூட்டி வைத்திருந்த காட்சிகள் 2005இல் வெளிப்பட்டபோது, இ.எஸ்.ஆர்.பி. அதற்குக் கொடுத்திருந்த சான்றை மாற்றியது. ஆட்டம் பதிந்த தட்டில் மறைந்திருக்கும் காட்சிகளையும் சேர்த்து நிறுவனங்கள் சான்றுக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்று அதன் பின் வலியுறுத்தியது. மறைத்து வைத்ததைக் கேட்கும் அதே விண்ணப்பத்தில், மூல வடிவத்திலிருந்து நீக்கியதையும் மாற்றியதையும் கேட்கும் ஒரு கட்டத்தைச் சேருங்கள். வந்த பதிலை உங்கள் தரவுத்தளத்தில் அந்த ஆட்டத்தின் பெயருக்கு நேரே வெளியிடுங்கள். அட்டையில் ‘இரத்தம்’, ‘கடும் வன்முறை’ என்று எழுதும் அதே பெட்டிக்குள் ‘ஆர்கேட் வடிவத்திலிருந்து மாற்றப்பட்டது’ என்ற மூன்று சொற்களுக்கு இடம் கொடுங்கள். மாற்றியது நாட்டின் சட்டமா, கன்சோல் நிறுவனமா, குறைந்த வயதுப் பிரிவை விரும்பிய வெளியீட்டாளரா என்பதும் பதிவாகட்டும். 2008இன் ‘மார்ட்டல் காம்பாட் வெர்சஸ் டி.சி. யுனிவர்ஸ்’ ஆட்டத்தில் ஜோக்கரின் கொலை முடிவை அமெரிக்கப் பதிப்பில் திரைக்கு வெளியே தள்ளியதும், ஐரோப்பியப் பதிப்பில் முழுதாக வைத்ததும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை.

செரோவுக்கு மட்டும் தனியாக ஒரு விண்ணப்பம்: 18 வயது நிரம்பியவருக்கென்று ஒரு பிரிவை வைத்துவிட்டு, அதற்குள்ளும் காட்டக் கூடாதவை என்று நீங்கள் வரையறுத்திருக்கும் பட்டியலின் காரணங்களைப் பொதுவில் விளக்குங்கள். அந்த ஆட்டங்களை உருவாக்குகிறவர்களில் பலர் உங்கள் நாட்டவர்கள். வெளிநாட்டுப் பதிப்பில் இருப்பதைத் தாங்கள் பிறந்த ஊரில் காட்ட முடியாமல் இருக்கிறார்கள்.

பழைய ஆர்கேட் ஆட்டங்கள் தொகுப்புகளாக மறுபடி வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த தொகுப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, எந்த வடிவம் உள்ளே இருக்கிறது என்று விண்ணப்பித்தவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
சாம்பல் வியர்வைக் கேட்ரிட்ஜையும் சிவப்பு எழுத்துக் கேட்ரிட்ஜையும் அருகருகே வைத்திருக்கும் ஒருவன்