விஷமம் உண்டோ?

ஆசிரியருக்கு,

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். அக்கா மகளுக்கு 19 வயது. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மந்திரித்துக் கயிறும் கட்டியாச்சு, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே கவுன்சிலர் கனிவாகத்தான் கேட்டார், "விஷமம் உண்டோ?" என்று. மலையாளத்தில் அது மனவருத்தம், நமக்கோ குறும்பு. "நான் ஒரு விஷமமும் பண்ணலைங்க" என்று பயந்துபோய் அக்கா முகத்தைப் பார்த்தவள் அதோடு வாயே திறக்கவில்லை. அக்காவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லியிருந்தாலாவது பேசியிருப்பாள்.

2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி போன், எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. நல்லதுதான். ஆனால் ஒற்றை அறை லயத்தில், அப்பா பக்கத்திலேயே படுத்திருக்க, ஒரு பெண் போனை எடுத்துக்கொண்டு எங்கே போவாள், குழாயடிக்கா? 2017 மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது, சரி. தமிழ் தெரிந்த பெண் கவுன்சிலர் ஒருவரை வாரம் ஒரு நாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கே சுகாதாரத் துறை அனுப்பட்டும். காய்ச்சலுக்கு வருகிற மாதிரி பெண்கள் வந்து போவார்கள், வரன் தட்டிப்போகுமோ என்று வீட்டிலும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு வாசகி,
இடுக்கி மாவட்டம்