பக்கவாதம்: முதலில் எந்த ஸ்கேன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாத அறிகுறியுடன் ஒருவரை அழைத்து வந்ததும், "சி.டி. எதற்கு? நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்" என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இது ஆபத்தான அவசரம்.

முதலில் தெரிய வேண்டியது, மூளையில் ரத்தக் கசிவா, அடைப்பா என்பதுதான். கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட முடியும். அதற்கான வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்.

ஆனால், அடைப்பின் பாதிப்பு முதல் சில மணி நேரம் சி.டி.யில் தெரியாமலே போகலாம். 'ஸ்கேன் நார்மல்' என்றதும் வீட்டுக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் 'டிஃப்யூஷன்' என்ற தனி வகைப் படம் அந்தப் பாதிப்பை வெகு சீக்கிரமே காட்டிவிடும். தூக்கத்திலேயே பாதிக்கப்பட்டு, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் விழிப்பவர்களுக்கு அது பெரிய துணை. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் காட்டிக்கொடுக்கும், தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அடைப்பை வெளியே எடுக்கலாம்.

ஒப்புதல் படிவத்தை நீட்டும்போதே, எந்தப் படம் எதற்காக என்று மருத்துவர்கள் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் அறை வாசலில் வாதாடிக் கழியும் நிமிடங்கள் நோயாளிக்கு மிச்சமாகும்.

- வாசகர் ஒருவர்